உணர்விழந்த கையும் உணர்வு பெற்ற கருவியும்

ஐம்புலன்களுள் தலையாயது எது என்று வகுப்பில் வினவினால், கண் என்றே மாணவர் பலரும் விடை கூறுவர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நான் அவ்விடையைப் பன்முறை கேட்டிருக்கிறேன். தொல்காப்பியரின் வரிசை வேறு. உயிர்களை அறிவின் அளவால் அடுக்கிக் காட்டும் மரபியலில் அவர் முதற்படியில் வைத்தது தொட்டறியும் உணர்வையே. புல்லுக்கும் மரத்துக்கும் அஃது ஒன்றே உண்டு. சுவையும் மணமும் காட்சியும் கேள்வியும் அதற்கு மேல் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அவ்வடிப்படை உணர்வை இழந்த மனிதன் என்ன ஆவான்? அதனைக் கருவியால் மீட்டுத் தர இயலுமா? இவ்விரு வினாக்களையும் ஒட்டிய வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

நான் வாழும் காலாப்பட்டுக் கடற்கரையில் தூண்டில் போடும் மீனவர், கடலின் அடியாழத்தில் மீன் இரையை மோந்து பார்ப்பதை ஆள்காட்டி விரலின் நுனியால் அறிவார். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. அவர் கையிலுள்ள நைலான் இழைக்கு 'தூண்டில் நரம்பு' என்று பெயர். பொருத்தமான பெயர்! உப்பும் கயிறும் தேய்த்துக் காய்த்துப் போன அந்த விரல்களிலும் நுண்ணுணர்வு மங்குவதில்லை. ஒரு கையின் உள்ளங்கைப் புறத்தில் மட்டும் தொடுவுணர்வை ஏந்திச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன என்று உடலியலார் கணக்கிட்டுள்ளனர். அழுத்தத்துக்கு ஒரு வகை, அதிர்வுக்கு ஒரு வகை, தோல் இழுபடுவதற்கு ஒரு வகை எனத் தனித்தனி உணர்கருவிகள் தோலுக்குள் அமைந்திருக்கின்றன. சூட்டுக்கும் குளிருக்கும் வலிக்கும் உரிய நரம்பு முனைகள் வேறு.

இப்பணியைச் செய்யும் மெல்லிய செயற்கை ஏடுகளை இக்காலத்து விஞ்ஞானிகள் ஆக்கியிருக்கின்றனர். அவற்றை மின்னணுத் தோல் என்கிறோம். அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் டோக்கியோ நகரிலிருந்து தொடங்குவர். நான் செங்கற்பட்டிலிருந்து தொடங்குகிறேன். காரணம் போகப் போகப் புலப்படும்.

பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், மலைமக்களுக்குத் தொண்டு செய்ய வந்த சமயப் பணியாளர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலால் அம்மலையிலேயே உயிர் நீத்தார். தாய் ஈவ்லின் தொண்ணூறு வயது கடந்தும் மலைப்பகுதிகளில் தொண்டாற்றி 1974இல் மறைந்தார். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்ற மகன், லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையின் வளர்ச்சி அக்கல்லூரி.

1947இல் அவர் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். விரல்கள் மடங்கிக் கழுகின் உகிர் போலாகிவிட்ட நோயாளிகள் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தனர். எலும்பு மருத்துவராகிய பிராண்டுக்கு, இக்கைகளைப் பற்றித் தம் துறையினர் ஒருவரும் ஆராயவில்லையே என்ற வியப்பு எழுந்தது. ஒருவருடைய மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, "அழுத்துங்கள்" என்றார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு நகம் பதியும் வன்மையான பிடி கிடைத்தது. தம் கை வலித்தது. அழுத்தியவரோ தாம் இவ்வளவு வன்மையாக அழுத்துகிறோம் என்பதையே உணரவில்லை.

அந்தப் பிடியில் இரண்டு உண்மைகள் இருந்தன. முன்கையின் பெருந்தசைகள் சாகவில்லை என்பது ஒன்று. உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்தவை. ஆகவே வலுவுள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தால், மடங்கிய விரல் நிமிரும். இதனை வேலூரில் அவரும் அவருடைய தோழர்களும் அறுவையால் செய்து காட்டினர். பிச்சை ஏற்கவும் விரியாத கைகள் எழுதுகோலைப் பிடித்தன, சோறு பிசைந்தன. இரண்டாம் உண்மை, உணர்வின் இழப்பு. அதனைச் செப்பனிட எந்த அறுவையும் இல்லை. இதிலேதான் நம் வரலாறு கிளைக்கிறது.

அறுவை முடிந்து தேறியவர்களுக்காக 1951இல் வேலூரில் குடிசைகள் கொண்ட புதுவாழ்வு நிலையம் ஒன்று அமைந்தது. அங்கே தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. திருந்திய கைகளில் மறுபடியும் புண்கள் தோன்றின, விரல்கள் குறுகின. அக்காலத்து மருத்துவர்களும் பொதுமக்களும், தொழுநோயாளியின் சதை தானாகவே அழுகி உதிரும் இயல்பினது என்றே நம்பினர். பிராண்ட் அதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு புண்ணும் எப்போது, எவ்வாறு உண்டாயிற்று என்று துப்பறிவாளர் போலத் தேடலானார்.

அவர் கண்டவற்றைப் பிற்காலத்தில் நூலாக எழுதியிருக்கிறார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் தாம் திறக்க இயலாமல் நின்றபோது, சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். இவ்வளவு வலிமையா என்று வியந்து அவன் கையை நோக்கினால், விரல் எலும்பு தெரியக் கிழிந்து குருதி சொட்டுகிறது, அவன் அறியான். இன்னொருவர், அடுப்புத் தணலில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக் கொடுத்தார். வேறு சிலருக்கு இரவில் உறங்கி எழுந்தால் விரல் நுனியில் ஒரு துண்டைக் காணோம். இரவில் விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எலி வந்து கடித்துத் தின்கிறது; படுத்திருப்பவர் உறக்கம் கலையவில்லை. அதன்பின் நிலையத்திலிருந்து வீடு செல்வோர்க்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்களாம்! மருத்துவ வரலாற்றில் பூனைக்கு இத்தகைய இடம் வேறெங்கும் கிடைத்ததாக நான் படித்ததில்லை.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். அது உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. எனவே முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இடங்களில் தோலுக்கு அணிமையில் ஓடும் நரம்புகளே வீங்கிச் சாகின்றன. கிருமி செய்வது பெரும்பாலும் அவ்வளவே. ஏனைய சிதைவை அடுப்பும் முள்ளும் செருப்பின் ஆணியும் செய்கின்றன. வலி என்னும் காவலன் இல்லாத கோட்டைக்குள் யார்தாம் நுழையமாட்டார்? கருவிழியில் உணர்ச்சி அற்றால் இமைத்தல் குறைந்து கண்ணும் கெடும். பிராண்டின் துணைவியார் மார்கரெட், கண் மருத்துவர். அத்துறையில் அரும்பணி ஆற்றினார்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். நான் இளம் ஆசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒரு முறை சுகாதாரப் பணியாளர் வந்து மாணவர்களின் தோலைச் சோதித்தார். வெளிறிய தேமல் கண்ட இடத்தில் பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வதே சோதனை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்கையில் தொட்டதைக் காட்டவில்லை. "இன்னும் தொடவில்லையே, ஐயா" என்றான். அந்தக் குரல் இன்றும் என் செவியில் உள்ளது. செய்தி பரவியதும் சில பெற்றோர் தம் பிள்ளைகளை அவனருகில் அமர்த்தக் கூடாதென்று வந்து நின்றனர். அவன் இடத்தை நாங்கள் மாற்றவில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து அதற்குள் நம் ஊர்களுக்கு வந்துவிட்டிருந்தது, உண்டான், குணமடைந்தான், பள்ளியிறுதித் தேர்வும் எழுதினான். தொடக்கத்திலேயே கண்டதால் அவன் விரல்கள் தப்பின. மாணவர்கள் இதை மனத்திற் கொள்க. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் இந்நோய் இன்றும் புதிதாகக் கண்டறியப்படுகிறது.

தொழுநோய் ஒன்றே உணர்வைக் கொல்வதன்று. பிராண்டின் மாணவியருள் ஒருவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் இயக்கமும் உணர்வும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். உடல் மறுவாழ்வு மருத்துவத்துறையை வேலூரில் உருவாக்கி வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். கால் உணராத மருத்துவர், கை உணராத நோயாளியின் விரலைத் திருத்தும் அக்காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்தால் நமக்கு உடம்பு தானாக நெளிகிறது. உணர்வற்றவர்க்கு அவ்வாறு நெளிய வேண்டும் என்னும் தூண்டுதலே வராது. அழுத்தம் ஓரிடத்திலேயே தங்கிப் புண்ணாகும். நீரிழிவு முற்றியவர் பாதத்திலும் இதே கதைதான்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வேலூரிலும் கரிகிரியிலும் கண்ட எளிய கருவிகள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, நுண்துளை ரப்பரால் ஆன செருப்பு. பாதத்தின் ஒரே புள்ளியில் விழும் பாரத்தை அது பரப்பிவிடும். மற்றொன்று வெளிநாட்டில் தோன்றி இங்கும் வழக்குக்கு வந்த நைலான் இழைச் சோதனை. குறிப்பிட்ட விசையில் வளையுமாறு செய்த இழையைத் தோலில் ஊன்றுவர். 10 கிராம் விசையில் வளையும் இழையைப் பாதத்தில் உணராதவர், காப்புணர்வை இழந்தவர் எனக் கொள்ளப்படுவார். எங்கள் மீனவர் கையிலுள்ள அதே நைலான் நரம்புதான், மருத்துவர் கையில் மனித நரம்பை அளக்கும் கோலாகிறது.

1966இல் பிராண்ட் அமெரிக்கா சென்று, லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள காரவில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். அங்கே ஒரு துணிகரமான எண்ணம் பிறந்தது. வலியை இழந்தவருக்குச் செயற்கை வலியை அமைத்துக் கொடுத்தால் என்ன? பொறியியலாரின் துணையோடு, அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிகளைக் கையுறையின் விரல் நுனிகளிலும் காலணியிலும் பொருத்தினர். அழுத்தம் அளவு கடந்தால் கம்பி வழியே குறிப்பு செல்லும். மின்னணுத் தோலின் கரு இதுவே என்பது என் துணிபு.

முதலில் அக்குறிப்பை ஒலியாகக் காதில் கேட்கச் செய்தனர், ஒளியாகவும் காட்டினர். நோயாளிகள் ஒலி கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. 'இதோ முடிந்துவிடும்' என்று எண்ணித் தொடர்ந்தனர். பின்னர், உணர்வு எஞ்சியுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். அது வலிக்கத்தான் செய்தது. ஆயினும் இறுகிய திருகாணி ஒன்றைத் திருப்ப வேண்டியிருந்தால், நோயாளி முதலில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார். காரியம் முடிந்தபின் மீண்டும் இணைத்துக் கொள்வார். அதிர்ச்சி அவருக்கு யாரோ தரும் தண்டனையாகத் தோன்றிற்றே அன்றித் தம் விரலின் ஓலமாகத் தோன்றவில்லை. உலோகத்தால் ஆன உணர்கருவிகளும் அடிக்கடி வளைந்து முறிந்தன, வியர்வையால் கெட்டன. பல ஆண்டு உழைப்பிற்குப் பின் முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்தும் விசை நம் கையில் இல்லாத வலியே காவல் வலி என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்தார். தாம் 1993இல் பிலிப் யான்சியுடன் சேர்ந்து வெளியிட்ட நூலுக்கு, எவரும் விரும்பாத கொடை வலி என்னும் பொருள்படப் பெயர் வைத்தார். 2003இல் அவர் காலமானார்.

தோல்வியுற்ற ஆய்வுகளைப் பாடநூல்கள் கூறுவதில்லை. என் மாணவர்க்கு அவற்றையே விரிவாகச் சொல்ல நான் விரும்புவேன். காரவில் தோல்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்செருப்பு அணிந்து நடந்தால் முதற்கல்லில் ஒன்றும் தோன்றாது. மூன்றாங்கல்லில் அதே உராய்வு சுடும். நாம் நொண்டத் தொடங்குவோம். உராய்வு கூடவில்லை, சிவந்துபோன தோல் தன் எச்சரிக்கை வரம்பைத் தானே தாழ்த்திக்கொண்டது. ஒரே அளவில் நிற்கும் கருவிக்கு இவ்வறிவு இல்லை. இதன் மூலத்தை ஆராய உதவியது நம் வீட்டு மிளகாய். மிளகாயின் காரப்பொருளுக்கு மறுமொழி தரும் நரம்பு வாயிலை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பத்திலும் அதே வாயில் திறக்கிறது. ஆதலால்தான் காரத்தை எரிச்சல் என்கிறோம். அழற்சியுற்ற இடத்தில் அவ்வாயில் இன்னும் குறைந்த சூட்டிலேயே திறந்துவிடும். அழுத்தத்துக்குரிய வாயிலை ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டனர். இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி டோக்கியோவுக்குச் செல்வோம். பிராண்ட் செங்கற்பட்டில் கைகொடுத்த அதே 1947இன் இறுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. டிரான்சிஸ்டர் என்றாலே வானொலிப் பெட்டியைக் குறித்த காலம் என் இளமைக்காலம். அதனை வளையாத சிலிக்கனில் செய்யாமல், வளையும் பிளாஸ்டிக் ஏட்டில் கரிமப் பொருள்களால் அமைக்கும் வித்தை பின்னர் வந்தது. டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் டக்காவோ சொமேயா குழுவினர், அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே உணரும் வலை போன்ற ஏட்டை 2005இல் வெளியிட்டனர். அழுத்தினால் மின் தடை மாறும் ரப்பர் ஒரு படலம். சூட்டுக்கேற்ப மின்னோட்டம் மாறும் நுண்கருவிகள் மற்றொரு படலம். எந்த இடத்தில் தொட்டார்கள் என்பதை டிரான்சிஸ்டர் வரிசைகள் சொல்லும். காரவில் கையுறையில் முறிந்த உலோகம் இதில் இல்லை.

ஸ்டான்போர்டில் ஜெனான் பாவ் அம்மையாரின் குழு, ரப்பர் ஏட்டில் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளை வார்த்து, 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈ அமர்ந்தாலும் உணரும் தோலை 2010இல் ஆக்கியது. கிளாஸ்கோவில் இந்தியரான ரவீந்தர் தாகியா 2017இல் சூரிய ஒளியால் இயங்கும் செயற்கைத் தோலைச் செய்து காட்டினார். எந்திர மனிதனுக்கு இவையெல்லாம் பெரும்பேறு. மனிதனுக்கு? உணர்ந்ததை யாரிடம் சொல்வது என்ற காரவில் வினா அப்படியே நின்றது.

அதற்கு ஒரு விடை 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற நிதீஷ் தாக்கோரும் அவருடைய மாணவர் லூக் ஆஸ்பார்னும், செயற்கைக் கையின் விரல் நுனிக்கு இரு படலத் தோல் செய்தனர். உருண்டைப் பொருளையும் கூரிய பொருளையும் அது வேறுபடுத்தும். அச்செய்தியை மின்துடிப்பாக்கி, கை இழந்தவரின் எஞ்சிய நரம்புகளுக்கு அனுப்பும். காதிலும் அக்குளிலும் அன்றி, தாம் இழந்த கையிலேயே அதனை அவர் உணர்ந்தார். கூர்மை பட்டால் வலித்தது. செயற்கைக் கை தானே பொருளை விட்டுவிட்டது. நிறுத்தும் விசையைப் பற்றிப் பிராண்ட் கூறியதை நினைவு கொள்க! வெப்பத்தை அத்தோல் உணரவில்லை. அக்குறையை 2024இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளரும் இத்தாலியரும் ஓரளவு நீக்கினர். அவர்கள் தந்த செயற்கைக் கையால், முன்கை இழந்த ஒருவர் சூடான உலோகக் கனசதுரத்தையும் குளிர்ந்த கனசதுரத்தையும் தொட்டே பிரித்து வைத்தார்.

ஆயின் கை துண்டிக்கப்பட்டவருக்கும் தொழுநோயால் உணர்விழந்தவருக்கும் வேறுபாடு உண்டு. முன்னவரின் கை போயிற்று. நரம்பின் அடிமரம் எஞ்சிய பகுதியில் உயிரோடு இருக்கிறது. கருவி அதனோடு பேசுகிறது. பின்னவருக்குக் கை இருக்கிறது. முழங்கை வரையில் நரம்பே பட்டுப்போய்விட்டது. கருவி பேச வேண்டுமாயின் அதற்கும் மேலே, ஒருகால் மூளையோடேயே, பேச வேண்டும். ஸ்டான்போர்டுக் குழு 2023இல், செயற்கைத் தோலின் அழுத்தக் குறிப்பை எலியின் மூளைக்கு அனுப்பி அதன் காலை அசையச் செய்தது. எலி வரையில் வந்திருக்கிறோம். அதுவரையில் கரிகிரியிலும் பிற மருத்துவமனைகளிலும் நைலான் இழையால் சோதித்து, மெத்தென்ற ரப்பர் செருப்பைக் கொடுத்து, மாலைதோறும் விளக்கின் முன் அமர்ந்து உள்ளங்கையையும் உள்ளங்காலையும் கண்ணால் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். தோல் செய்ய வேண்டிய காவலைக் கண் செய்கிறது.